ஈகையைப் பாடமாக்கும்போது

தொண்டு நிறுவனம் நடத்துவதையும் கொடை வழங்குவதையும் பல்கலைக்கழகத்தில் கற்றுத்தருவது அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது. இண்டியானா பல்கலைக்கழகம் 1987-இல் இதற்கென ஒரு மையம் தொடங்கி, 2012-இல் அதைத் தனிப் புலமாகவே வளர்த்தது. மையத்தை வழிநடத்திய ராபர்ட் பேட்டன், பொதுநலத்துக்கான தன்னார்வச் செயலே கொடை என்றவர். வரலாறு, சமயம், அறவியல் ஆகியவை அங்கே பாடத்தின் அடித்தளமாயின. அது சரியான அடித்தளம். ஏன் கொடுக்கிறோம் என்று யோசிக்காமல் நிதி திரட்டும் உத்தியை மட்டும் கற்றவரிடம் ஒரு நிறுவனத்தை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

இன்னொரு நல்ல முயற்சி, மாணவர் கையில் உண்மையான பணத்தைக் கொடுப்பது. வடக்குக் கெண்டகி பல்கலைக்கழகத்தில் இது 2000-ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. மாணவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்களைப் படித்து, விவாதித்து, யாருக்குத் தருவதென முடிவெடுக்கிறார்கள். நிர்வாகச் செலவு என்ற ஒரே வரி போதும், வகுப்பு இரண்டாகப் பிரிய. கட்டட வாடகையும் கணக்காளர் சம்பளமும் வீண் என்பார் ஒருவர். கணக்காளர் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு நிறுவனமே இருக்காது என்பார் மற்றொருவர். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு அழுத்தமாகப் புரியவைக்காது.

ஆனால் அந்த மாணவர் உட்காருவது கொடுப்பவரின் நாற்காலியில். உதவி பெறுபவர் விண்ணப்பத்தாளில் மட்டுமே வருகிறார். இண்டியானாவின் புலமே லில்லி என்ற மருந்துத் தொழில் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. அதில் குற்றமில்லை. ஆனால் கொடையாளரை நம்பி நிற்கும் துறையில், அந்தச் செல்வம் எப்படிச் சேர்ந்தது, வரிச்சலுகையால் அரசு இழந்தது எவ்வளவு என்பவை கட்டாயத் தாளாகவே இருந்தாக வேண்டும்.

இந்தப் பாடத்திட்டத்தை அப்படியே இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய முடியாது; இங்கே சட்டங்கள் வேறு. 2013-இன் நிறுவனச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை, அந்த நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. அந்த நிதியை வேறு அமைப்புக்கு மாற்றவும் தடை விதித்தது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்றுவந்த கிராமத்துச் சிறு குழுக்களுக்கு அத்தோடு அந்த வழி அடைபட்டது. இந்தச் சட்டங்களைப் படிக்காமல் பட்டம் பெறுபவர் முதல் மாதமே திணறுவார்.

நம்மிடம் ஒரு பலம் உண்டு. 1936-இல் மும்பையில் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் கல்வி நிறுவனமும் 1952-இல் வந்த சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் களப்பணியைப் படிப்பின் உயிராக வைத்தன. ஆனால் பொதுவாகக் களத்துக்குப் போகும் மாணவர் வரவுசெலவுத் திட்டத்தைத் தொடுவதில்லை. நிதி மேலாண்மை படிப்பவர் குடிசைப் பகுதியில் கால் வைப்பதில்லை. இரண்டு தாள்களையும் ஒன்றாக்க வேண்டும். மாணவர் அந்தப் பகுதிப் பெண்களோடு உட்கார்ந்து செலவுத் திட்டம் போடட்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை அவர்களே வழங்கட்டும். தேர்வு விதிகள் அதற்கு இடம் தராவிட்டால், பாடத்திட்டக் குழு அந்த விதிகளைத் திருத்துவதிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.