தாராசுரத்தில் ஆள் வேண்டும்

சோழநாட்டுக் கோயில்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் தவறாமல் கேட்பது, கைடு வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதுதான். எந்தக் கோயில் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் என்றால் வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்திலும் வேண்டாம். தாராசுரம் என்றால் கட்டாயம் வேண்டும். மூன்றையும் கட்டியவர்கள் சோழர்கள்தான். யுனெஸ்கோ பட்டியலிலும் மூன்றும் ஒரே தலைப்பில்தான் இருக்கின்றன. தஞ்சை 1987இல் சேர்ந்தது, மற்ற இரண்டும் 2004இல் அதனோடு சேர்ந்துகொண்டன. கார் வைத்துக்கொண்டு ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி முடிக்கிறவர்கள் தாராசுரத்தைத்தான் அவசரமாகப் பார்த்திருப்பார்கள்.

தஞ்சை விமானம் 216 அடி. தாராசுரத்து விமானம் ஏறக்குறைய 80 அடி. உயரத்தைப் பார்த்துப் பழகிய கண், தாராசுரத்தில் வந்து இறங்கியதும் சற்று ஏமாந்துபோகும். இங்கே கல்தச்சர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை உயரத்தில் காட்டவில்லை, நுணுக்கத்தில் காட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்க்க வேண்டியதுதான் இந்தக் கோயிலில் அதிகம். எங்கே குனிய வேண்டும் என்பது முதல்முறை வருகிறவருக்குத் தெரியாது.

இதைக் கட்டியவன் இரண்டாம் ராஜராஜன். அவன் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் நாயன்மார்களின் கதையைப் பெரியபுராணமாகப் பாடினார் என்பது மரபு. மகன் எழுப்பிய கோயிலில், கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி அந்த நாயன்மார் கதைகள் சிறுசிறு கட்டங்களாக வரிசை பிடித்திருக்கின்றன. பாட்டின் ஈரம் காய்வதற்குள் கல்லில் ஏறிவிட்ட கதைகள் இவை. யாருடைய கதை என்று கட்டங்களின் மேல் அந்தக் காலத்து எழுத்தில் பெயரும் வெட்டியிருக்கிறார்கள். தனியாக வருகிறவர் இந்த வரிசையை வெறும் பூவேலைப்பாடு என்று நினைத்துப் பத்து நிமிடத்தில் சுற்றி முடித்துவிடுவார்.

கைதேர்ந்த கைடு ஒருவர் அதே இடத்தில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முதலில் அவரே உட்கார்ந்துவிடுவார். டார்ச்சை நேராக அடிக்கமாட்டார். நேராக அடித்தால் கல் வெளுத்துப்போய் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைத் தடவிவிடுவார். அதுவரை மேடும் பள்ளமுமாக இருந்தது சட்டென்று ஒரு முதலையாகிவிடும். அவிநாசியில் எப்போதோ விழுங்கிய பிள்ளையை, சுந்தரர் பாடியதும் திருப்பிக் கொடுத்த முதலை அது. அடுத்து, லிங்கத்தின் மேல் காலை ஊன்றிக்கொண்டிருக்கும் ஒருவர். “யாரு சொல்லுங்க?” என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். கண்ணப்பர் என்று நம் வாயிலிருந்தே வரவேண்டும். அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொல்கிறவர் கைடு அல்ல, ஒலிப்பெட்டி.

இதே கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ரிஷபகுஞ்சரம் என்பார்கள். புத்தகத்தில் படம் பார்த்தவர்கள்கூட நேரில் தேடிக் கண்டுபிடிக்கத் திணறுவார்கள்; அவ்வளவு சிறியது. கைடு உள்ளங்கையால் ஒரு பக்கத்து உடலை மறைப்பார்: காளை. கையை அந்தப் பக்கம் மாற்றுவார்: யானை. ஒரு பார்வைக்குத் துதிக்கையாக இருந்த கோடு மறுபார்வையில் வேறு உறுப்பாக மாறியிருக்கும். சிற்பி எங்கே கோட்டை முடித்தான், எங்கே இரண்டாவது விலங்கைத் தொடங்கினான் என்பது அந்தக் கை நகரும்போதுதான் விளங்குகிறது. எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு கையசைப்புக்கு ஈடாகாது.

சக்கரமும் குதிரையும் பூட்டித் தேர்போல் செய்த முன்மண்டபத்தை யாரும் தவறவிட முடியாது. அதைக் காட்ட ஆள் தேவையில்லை. பலிபீடத்துப் பக்கம் இருக்கும் ஓசைப்படிகளை இப்போது கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். தட்டித் தட்டித் தேய்த்த தலைமுறைகளின் புண்ணியம். ஆனால் மண்டபத்துத் தூண்களுக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு தூணிலும் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஆடுகிறவர்கள், கொட்டுகிறவர்கள், தேவகதைகள். பிரசவ வலியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு பேர் இருபுறமும் தோள் கொடுக்கிறார்கள். அத்தனை கட்டங்களுக்கு நடுவில் அந்த ஒன்றைத் தானாகத் தேடிப்பிடிக்க அதிர்ஷ்டம் வேண்டும்.

கைடுகள் கதை விடுகிறார்களே என்று கேட்பீர்கள். விடுகிறார்கள். என் கணக்கில் கைடின் விரல் வேறு, வாய் வேறு. தினமும் அதே கல்லின் முன்னால் நிற்கிறவருடைய விரல் பொய் சொல்லாது. வாய் சொல்வதில் ஆண்டு, அரசன், எடை, ஆழம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மற்றதைக் கேட்டுக்கொள்ளலாம். அதனால்தான் தஞ்சையில் வேண்டாம் என்கிறேன். அங்கே விரலுக்கு வேலை குறைவு, வாய்க்கே வேலை அதிகம்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். வெயில் நாளில் கைடு நின்று அதைச் சொல்லும் இடமே பல நேரம் அந்த நிழலாகத்தான் இருக்கும். உச்சியில் 80 டன் எடையில் ஒரே கல் என்பார்கள். பல கற்களை இணைத்து அமைத்தது என்பது கட்டடத்தை அளந்து ஆராய்ந்தவர்களின் முடிவு. எதிரே இருக்கும் பெரிய நந்தியையும் கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜன் கணக்கில் எழுதுவார்கள். அது நாயக்கர் காலத்தது. இத்தனையையும் கேட்டு முடிப்பதற்குள், பார்க்க வந்த கட்டடம் மனத்தில் ஏறாமலே போய்விடும். இவ்வளவு பெரிய உருவத்தைக் கால்தான் பார்க்க வேண்டும். திருச்சுற்றில் மெதுவாக நடந்தால், மூலைக்கு மூலை விமானம் ஒடுங்குவதும் விரிவதும் தெரியும். அப்போது பக்கத்தில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

தஞ்சையில் வேறொரு வழிகாட்டி சுவரிலேயே இருக்கிறது. கோயில் தன் வரவுசெலவையே கல்லில் எழுதி வைத்திருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது வரை திருச்சுற்றுச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவை அச்சில் கிடைக்கின்றன. எழுத்தும் அப்படியொன்றும் பயப்படுத்துவதில்லை. ட, ப, ர போன்றவை இன்றைய வடிவத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோயிலைப் பற்றிய குடவாயில் பாலசுப்ரமணியனின் ‘இராஜராஜேச்சரம்’ நூலைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு வாடகை வாய் எதற்கு? திருச்சியில் கோயிற்கலை ஆய்வை ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்த கலைக்கோவன், தொழிலால் கண் மருத்துவர். கல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவருக்குப் பொருத்தமான தொழில்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்னும் எளிது. தஞ்சை விமானம் நேர்கோடாக ஏறும். ராஜேந்திரன் கட்டிய இது சற்றே உள்வாங்கி வளைந்து ஏறும். புல்வெளியில் தள்ளி நின்று பார்த்தாலே அந்த வளைவு புரியும். வடக்கு வாசலருகே, நாயன்மார்களில் ஒருவரான சண்டேசரின் தலையில் சிவன் பூமாலை சுற்றிவிடும் சிற்பம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. காட்டிக்கொடுக்க யாரும் வேண்டாம். சிவன் ராஜேந்திரனுக்கே முடிசூட்டுகிறான் என்று அங்கே ஒரு விளக்கம் சொல்வார்கள். கதையில் வேண்டுமானால் அது அழகு. சண்டேசர் தலையைத் தாழ்த்தியிருக்கும் பணிவைப் பார்த்தால் அந்த விளக்கம் தேவைப்படாது. சுற்றுமதில் ஏன் இப்படிச் சிதைந்துகிடக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் தேவைப்பட்டது, இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

சரி, தாராசுரத்தில் நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றுலாத்துறையின் அடையாள அட்டை இருந்தால் நல்லது. ஆனால் அட்டை மட்டும் போதாது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “இது எந்த ராஜராஜன் கட்டினது?” தஞ்சாவூர்க் கோயில் கட்டினாரே, அவர்தான் என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டாம் ராஜராஜன் என்றால் தொகையைப் பேசலாம். நேரத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதி கோயில் பார்த்ததும் பட்டுக்கடைக்கும் வெண்கலச் சிலைக் கடைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. என்னையும் ஒருவர் அப்படிக் கூட்டிப்போயிருக்கிறார், ஒரு நாயன்மார் வரிசை முழுவதும் பாக்கி இருக்கும்போதே. கடை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

அவர் காட்டி முடித்ததும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, நீங்கள் கிளம்பிவிடாதீர்கள். இன்னொரு சுற்றுத் தனியாக வாருங்கள். இடம் தெரிந்துவிட்டதால், இந்தமுறை அவர் நிறுத்தாத கட்டங்களில் நீங்களே நிற்பீர்கள். கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டர்தான், மறுநாள் மறுபடி போனாலும் நஷ்டமில்லை. புறப்படுவதற்கு முன் பெரியபுராணத்தில் பத்து நாயன்மார் கதைகளையாவது, உரைநடையில் என்றாலும் சரி, படித்துக்கொண்டு போங்கள். கைடு தடுமாறும் கட்டத்தில் நீங்கள் எடுத்துச் சொல்லலாம். அடுத்து வருகிறவருக்கு அவர் அதைச் சரியாகச் சொல்வார்.