777 படிகள்

தம் வீட்டைப் பற்றித் தாமே புத்தகம் எழுதுவது ஆபத்தான காரியம். நான் கட்டிய சுவர், நான் நட்ட மரம், என் மாடியிலிருந்து தெரியும் கடல் என்று சொல்லிக்கொண்டே போனால், கேட்கிறவன் கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவான். ஆனால் அப்படிப்பட்ட புத்தகம் ஒன்று 1929-இல் இங்கிலீஷில் வெளிவந்து, பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டு, இன்றும் வாசகர்களைப் பெற்றிருக்கிறது. ஸ்வீடன் தேசத்து டாக்டர் ஆக்ஸெல் முன்தே எழுதிய 'சான் மிக்கேலேயின் கதை'யைத்தான் சொல்லுகிறேன்.

இத்தாலியில், நேப்பிள்ஸ் வளைகுடாவின் வாயிலில் காப்ரி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதன் மேட்டு ஊர் அனகாப்ரி. அங்கே ரோமானிய மாளிகை ஒன்றின் இடிபாடும் ஒரு பழைய தேவாலயமும் கிடந்த இடத்தில் முன்தே தம் வீட்டை எழுப்பினார். கைப்பிடிச் சுவரின்மேல் எகிப்தியக் கல்லில் செதுக்கிய ஸ்பிங்க்ஸ் ஒன்று கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. 1949-இல் முன்தே காலமானார். வீடு ஸ்வீடன் அரசுக்குச் சேர்ந்தது. இன்று சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போய்ப் பார்க்கலாம்.

அந்தத் தீவில் பார்க்க வேண்டிய இடம் என்று எதைச் சொன்னாலும், அதற்குப் பின்னால் ஒரு புத்தகம் நிற்கிறது. கிழக்கு முனையில் டைபீரியஸ் சக்கரவர்த்தியின் மாளிகை. கி.பி. 37-இல் இறந்த அவர், வேண்டாதவர்களைப் பாறையிலிருந்து கடலில் தள்ளச் செய்தார் என்று ஸ்யூட்டோனியஸ் எழுதி வைத்தார். எழுதியது சுமார் 80 வருஷங்கள் கழித்து! இருந்தும், வருகிறவர்கள் முதலில் தேடுவது அந்தச் செங்குத்துப் பாறையைத்தான். மழைத் தண்ணீரைச் சேர்த்து ஓர் அரண்மனையையே வாழவைத்த பிரம்மாண்டமான தொட்டிகளை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்?

நீலக் குகையின் கதையும் இதேதான். அதன் வாய் மிகத் தணிவு. படகில் மல்லாந்து படுத்துத்தான் நுழைய வேண்டும். நீருக்கு அடியில் இருக்கும் திறப்பு வழியாக வெயில் உள்ளே புகுகிறது. சிவப்பு ஒளியைக் கடல்நீர் விழுங்கிவிடுவதால் மிச்சமிருக்கும் நீலம் குகை முழுவதும் நிறைகிறது. 1826-இல் ஜெர்மானியக் கவி ஆகஸ்ட் கோபிஷ் இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அவரை அங்கே அழைத்துப் போனவன் உள்ளூர் மீனவன்! கோபிஷ் செய்தது அதைப் பற்றி எழுதியதுதான்.

முன்தேயும் இந்த வரிசையில் வந்தவர். அவர் புத்தகத்தில் நடந்தது எது, கற்பித்தது எது என்று பிரிப்பது சிரமம். கதை கட்டுவதே தொழிலாகக் கொண்ட நான் அதைக் குற்றம் சொன்னால் அழகாயிராது. என் குறை வேறு. பக்கத்துக்குப் பக்கம் அவரே கதாநாயகர். தம்மைக் கேலி செய்துகொள்ளும்போதுகூட ஒரு கண் கண்ணாடியின் மேலேயே இருக்கிறது.

அந்தக் கண்ணாடியை அவர் கீழே வைத்துவிடும் இடங்கள் இரண்டு. அவற்றுக்காகவே இந்தப் புத்தகத்தை மன்னிக்கலாம்.

ஒன்று, கடற்கரைத் துறையிலிருந்து அனகாப்ரிக்கு ஏறும் கல் படிக்கட்டு. 1870-களில் வண்டிப்பாதை வரும் வரையில் அதுதான் ஊருக்குப் பிரதான வழி. ஃபினீஷியப் படிகள் என்று பெயர். ஆனால் வெட்டியவர்கள் கிரேக்கர்கள் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் முடிவு. முன்தே சொல்லும் கணக்கு 777. இப்போது சொல்லும் கணக்கு 921. பேரும் சரியில்லை, கணக்கும் சரியில்லை. ஆனால் அந்தப் படிகளில் தபால் சுமந்து ஏறுகிறாளே கிழவி மரியா, அவள் சரியாக இருக்கிறாள். ஊர்க் கடிதங்களையெல்லாம் சுமக்கிறவளுக்கு ஒரு கடிதமும் வாசிக்கத் தெரியாது! அந்தத் தீவின் ஏழ்மையை இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

மற்றொன்று, பறவைகள். வசந்த காலத்தில் கடல் தாண்டிக் களைத்து வந்து இறங்கும் காடைகளை அங்கே வலை வைத்துப் பிடிப்பார்கள். மற்றப் பறவைகளைக் கூவி அழைப்பதற்காகக் கூண்டுப் பறவையின் கண்ணைக் காய்ச்சிய ஊசியால் அவித்துவிடுவார்கள். இதை எழுதும்போது டாக்டர் தம்மை மறந்துவிடுகிறார். கோபம் வேஷமல்ல, பார்பரோஸா மலையையே விலைக்கு வாங்கி அங்கே வேட்டையை நிறுத்தியவர் அவர்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. காடை பிடித்தவனும் மரியாவின் ஊர்க்காரன்தானே? மரியாவின் வறுமையைக் கண்டு உருகியவர், வலை வைத்தவனின் வறுமையைக் கண்டுகொள்ளவில்லை. மலையை வாங்கப் பணம் இருந்தவருக்குப் பறவைமேல் இரக்கம் சுலபம் என்று சொல்லிவிடலாம். சொன்னாலும் குருட்டுப் பறவையின் கூவல் காதை விட்டுப் போவதில்லை. இந்த இரண்டு நியாயங்களையும் அவர் நேருக்கு நேர் நிறுத்தியிருந்தால், நல்ல புத்தகம் பெரிய புத்தகமாகியிருக்கும்.

காப்ரிக்குப் போகிறவர்கள் வீட்டைப் பார்க்கட்டும், குகையைப் பார்க்கட்டும். ஒரு தடவையாவது பஸ்ஸை விட்டு அந்தப் படிகளில் ஏறட்டும். எண்ணிக்கை தவறிப்போனால் பாதகமில்லை.