உப்புவெளிக்குப் போன கிழவர்

‘தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்’ என்று பெயரைக் கேட்டதும் நம்மூர்க்காரர் யாரோ ஓடி ஜெயித்த கதை என்றுதான் தோன்றும். படத்தில் அப்படி யாரும் கிடையாது. இந்தியன் என்பது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரான ஒரு மோட்டார் சைக்கிளின் பெயர். அதை ஓட்டுபவர் நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த கிழவர், பர்ட் மன்றோ. 2005ல் வந்த இந்தப் படத்தை ரோஜர் டொனால்ட்சன் எழுதி இயக்கினார். மன்றோவாக ஆன்டனி ஹாப்கின்ஸ்.

கதை ரொம்பச் சின்னது. இளைஞராக இருந்தபோது வாங்கிய 1920ஆம் வருட ஸ்கவுட் வண்டியைக் கிழவர் தன் கொட்டகையிலேயே வைத்து நோண்டிக்கொண்டிருக்கிறார். அதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பான்வில் உப்புவெளிக்குக் கொண்டுபோய் எவ்வளவு வேகம் போகும் என்று பார்த்துவிட வேண்டும், அதுதான் ஆசை. கையில் காசில்லை. சரக்குக் கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்துக்கொண்டே கடல் தாண்டுகிறார். இறங்கியதும் ஒரு பழைய காரை வாங்கி, பின்னால் டிரெய்லர் கட்டி, பாலைவனத்தைக் கடந்து போய்ச் சேர்கிறார். போட்டிக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்கவே இல்லை என்பது அங்கே போனபிறகுதான் தெரிகிறது.

முதலில் படத்தின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக் காட்சிகள் அருமை. பழைய உலோகத்தை உருக்கி, தகர டப்பாவில் ஊற்றி, பிஸ்டனை வார்த்து எடுக்கிறார். டயரில் விழுந்த வெடிப்பை ஷூ பாலிஷ் பூசி மறைக்கிறார். உடைந்த பாகங்கள் ஒரு ஷெல்ஃபில் வரிசையாக இருக்கின்றன, வேகத்தின் கடவுளுக்குப் படையல் என்ற எழுத்தோடு. அந்த ஷெல்ஃப் இயக்குநரின் கற்பனை இல்லை, மன்றோவிடம் நிஜமாகவே இருந்தது. டொனால்ட்சன் அவரை நேரில் அறிந்தவர். 1971லேயே அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து, இந்தப் படையலையே அதற்குத் தலைப்பாகவும் வைத்தார். ஹானிபல் லெக்டராக நம்மை நடுங்க வைத்த ஹாப்கின்ஸ், இங்கே எதிரில் வரும் யாரிடமும் கூச்சமில்லாமல் உதவி கேட்கும் ஒரு பெரியவராக மாறியிருப்பதையும் சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம்.

ஆனால் இந்தப் படம் இன்று எப்படிப் பார்க்கப்படுகிறது? ‘கனவைத் துரத்து, வயசு ஒரு தடையே இல்லை’ என்று வாரக்கடைசியில் பகிரப்படும் துண்டு வீடியோவாக. அது பார்ப்பவர்களின் குற்றம் மட்டுமில்லை. படமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஒரு வாழ்நாளை அது ஒரே பயணமாகச் சுருக்கிவிட்டது.

நிஜ மன்றோ பான்வில்லுக்குப் பத்து முறை போனார். முதல் முறை வெறும் வேடிக்கை பார்க்கத்தான். அடுத்த ஒன்பது முறை ஓட்டினார், மூன்று முறை சாதனை படைத்தார். 1962ல் 883 சிசி பிரிவில் மணிக்கு 178.95 மைல். 1966ல் 168.07. 1967ல், 68 வயதில், 1000 சிசிக்குக் கீழான பிரிவில் 183.59. வருஷ வரிசையில் பாருங்கள்: நடுவில் வேகம் இறங்கியிருக்கிறது. நிஜமான பொழுதுபோக்கு அப்படித்தான் இருக்கும். இஞ்சினை மாற்றுவீர்கள், பிரிவு மாறும், ஏதோ ஒன்று உடையும், மறுவருஷம் திரும்பப் போவீர்கள். படத்தில் இந்த இறக்கம் கிடையாது. முதல் பயணத்திலேயே கிழவர் 200 மைலைத் தாண்டிவிடுகிறார். நிஜத்தில் தகுதிச் சுற்றில் ஒரு திசையில் பதிவான 190.07தான் அவருடைய அதிகாரபூர்வமான உச்சம். பிற்பாடு பலமுறை போனார் என்பதைக் கடைசியில் வரும் எழுத்துகள் சொல்லிவிடுகின்றன என்று வாதாடலாம். எழுத்தில் சொல்வது வேறு, காட்டுவது வேறு.

இது வெறும் தகவல் பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். சினிமா ஒன்றும் அரசிதழ் இல்லை. ஆனால் அந்த வண்டியின் அர்த்தமே திரும்பத் திரும்பச் செய்ததில்தான் இருக்கிறது. கடையிலிருந்து வந்தபோது 600 சிசி, மணிக்கு 55 மைல். பல வருஷம் ஒரே ஆள் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில் 950 சிசி ஆனது, வேகம் மும்மடங்கைத் தாண்டியது. பிஸ்டன், சிலிண்டர், ஃப்ளைவீல் எல்லாம் அவர் கையால் செய்தவை. பழைய கோடை இருபது வருஷமாக ஒட்டுப்போட்டு ஓட்டும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். எழுதி முடித்த நாள் என்று ஒன்று அதற்குக் கிடையாது. படம் அந்த முடிவில்லாத வேலைக்கு ஒரு கிளைமாக்ஸைக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது விஷயம், இந்தப் படத்தில் வரும் கருணை. மோட்டல் வரவேற்பில் இருக்கும் டினா, பழைய கார் விற்கும் ஃபெர்னான்டோ, வழியில் மருந்துப்பொடி கொடுக்கும் பூர்வகுடிக்காரர் ஜேக், வீட்டில் தங்க வைக்கும் விதவை. எல்லோருமே நல்லவர்கள். வெளிநாட்டுக்கு ஒரு பெட்டியோடு போய் இறங்கிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு இனிப்பான கதை என்று சொல்வார்கள். இந்தியன் என்று பெயரெழுதிய வண்டி, அந்தப் பெயருக்குரியவர் என்று அமெரிக்கா சொல்லிவந்த மனிதரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு திரைக்கதைக்கு அமையுமா? படம் அவரிடமிருந்து மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

உப்புவெளியில் காட்டப்படும் கருணையை மட்டும் நான் நம்புகிறேன். காரணம், அந்த விளையாட்டின் அமைப்பு. பான்வில்லில் 1949 முதல் நடக்கும் ஸ்பீட் வீக் அடிப்படையில் அமெச்சூர்களின் திருவிழா. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி ஒருவரை ஒருவர் முந்துவதில்லை. ஒவ்வொருவரும் தனியாக ஓட்டி, தன் பிரிவின் பழைய சாதனையோடும் கடிகாரத்தோடும் மோதுகிறார்கள். நீங்கள் ஜெயித்தால் பக்கத்துக் கொட்டகைக்காரருக்குப் பெரும்பாலும் நஷ்டமில்லை. அதனால்தான் அவர் தன் ஸ்பானரை உங்களுக்குத் தருகிறார். பாராசூட் இல்லை, டயர் சரியில்லை, வயசு ஆகிவிட்டது என்று பரிசோதகர்கள் மறுக்கும்போது சக போட்டியாளர்களே கிழவருக்காகப் பரிந்து பேசுகிறார்களே, அது அமெரிக்கக் குணம் என்பதைவிட அந்த விளையாட்டின் குணம். படத்தின் மிகச் சிறந்த பகுதியும் அதுதான், ஏனென்றால் அங்கே மறுப்பவர்களும் கெட்டவர்கள் இல்லை. விதி சரி, கிழவரும் சரி. இந்தச் சிக்கலை இன்னும் பத்து நிமிஷம் நீட்டியிருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். மன்றோவுக்கு 1925ல் கல்யாணம் ஆனது, நான்கு பிள்ளைகள், 1947ல் விவாகரத்து. திரையில் மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் டாம் ஒருவன்தான் அந்த இடத்தை நிரப்புகிறான். ராத்திரி முழுக்க இஞ்சினோடு கிடக்கும் ஒரு மனிதரின் வீட்டில் மற்றவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி இதனால் எழாமலே போகிறது. ஆசையைத் துரத்துகிறவனுக்கு வீடே இல்லையென்றால் அவனை நேசிப்பது எவ்வளவு சுலபம்! நம் தமிழ்ச் சூழலில் இலக்கியத்துக்காக, சினிமாவுக்காக எல்லாவற்றையும் விட்டவர்களைப் பற்றி எழுதும்போதும் நாம் இதே வசதியைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

படம் விட்ட இடத்தை ஒரு கணக்குப் பிழை நிரப்பியது. சாதனை என்பது எதிரெதிர்த் திசைகளில் ஓடிய இரண்டு ஓட்டங்களின் சராசரி. 1967ஆம் வருடச் சராசரி தவறாகக் கணக்கிடப்பட்டிருப்பதை மன்றோவின் மகன் கண்டுபிடித்தார். அப்பா இறந்து 36 வருஷம் கழித்து, 2014ல், அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அந்த எண்ணை 184.087 என்று திருத்தியது. ஏறியது மணிக்கு அரை மைல்.

அந்த அரை மைலுக்காக ஒரு மகன் பழைய தாள்களை எடுத்துவைத்துக் கூட்டி வகுத்துப் பார்த்திருக்கிறார். திரையில் இடமே கிடைக்காத பிள்ளைகளில் ஒருவர் அவர். அவருக்கு அப்பா மேல் என்ன இருந்தது, பெருமையா, கோபமா, இரண்டுமா? டொனால்ட்சன் எடுக்காமல் விட்ட படம் அங்கேதான் இருக்கிறது.