குன்றெல்லாம் ஒரே குன்றா?

ஆங்கிலத்தில் ‘ஹில்’ என்ற சொல்லுக்கு இணைச்சொல் தேடினால் நீண்ட வரிசை ஒன்று கிடைக்கும்: ஃபெல், டௌன், டோர், நோல், ஹம்மக், மவுண்ட், இன்னும் பல. (டௌன் என்றதும் நகரத்தை நினைத்துவிடக் கூடாது; தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்மேட்டுக்கு அதுதான் பெயர்.) இடையில் நிற்கும் காற்புள்ளிகள், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் குடி முழுகிவிடாது என்று சொல்லாமல் சொல்கின்றன. இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியவர் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர். 1852இல் வெளியான அவருடைய தெசாரஸ், சொற்களை அகரவரிசையில் தராமல் கருத்துவாரியாக அடுக்கியது. மலையும் குன்றும் மேடும் ‘உயரம்’ என்ற தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்தன. நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும் சொல்லைப் பிடித்துத் தர இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் நிலத்தைக் குறிக்கும் சொற்களை உயரம் என்ற ஒரே அளவுகோலுக்குள் அடைத்தால், எந்த வேறுபாட்டுக்காக அவை தனித்தனியே புழங்கினவோ அதுவே காணாமல் போகிறது.

டோரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டார்ட்மூரில் அந்தச் சொல் முதன்மையாகக் குறிப்பது குன்றை அல்ல, குன்றின் உச்சியில் துருத்திக்கொண்டு நிற்கும் கிரானைட் பாறைத் திரளை. விரிசல் விட்ட பாறை காலங்காலமாக உறைபனியில் பிளந்தும் மழையில் தேய்ந்தும், யாரோ பலகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போல நிற்கும். ஹேடோர் என்பது அந்தப் பாறைதான். அதைத் தாங்கும் சரிவு வெறும் ஹில். பாறைத் திரள் இல்லாத கிளாஸ்டன்பரி மேட்டுக்கும் டோர் என்ற பெயர் உண்டு என்பது உண்மை. அதன் உச்சியில் துருத்திக்கொண்டிருப்பது பழைய தேவாலயக் கோபுரம் ஒன்று. வடக்கே, ஏரி மாவட்டத்தில், நார்ஸ் மொழிக் குடியேறிகள் விட்டுச்சென்ற ஃபெல் என்ற சொல்லுக்கு வேறு கதை. மலையேறுபவர்களுக்கு அது சிகரம்: ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வழிகாட்டியில் 214 ஃபெல்கள் உள்ளன. ஆடு வளர்ப்பவர்களுக்கோ, கடைசிக் கற்சுவருக்கு மேலே விரிந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம் முழுவதுமே ஃபெல். வேலியே இல்லாத அந்த நிலத்தில் தன் மந்தைக்குரிய பகுதி எது என்பதைக் குட்டி தாயோடு மேய்ந்தே கற்றுக்கொள்கிறது. யாருடைய ஆடு எங்கே மேயலாம் என்ற உரிமை வரை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘உயரம்’ என்ற தலைப்பு அதில் எதைப் பிடிக்கும்?

இதெல்லாம் வட்டார ரசனை, சொல் மாறினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இயற்றப்பட்ட நாட்டுப்புற, வழியுரிமைச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தனியார் நிலமாக இருந்தாலும் பொதுமக்கள் கால்நடையாகப் போய்வரலாம் என்று அந்தச் சட்டம் திறந்துவிட்ட வெளிநிலம் எது? மவுன்டன், மூர், ஹீத், டௌன் ஆகிய நான்கும் என்கிறது சட்டம். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கும் நிலம் மவுன்டனில் அடங்கும் என்று எண் தருகிறது. மற்ற மூன்றுக்கும் அப்படி ஓர் எண் இல்லை. ஆளால் மேம்படுத்தப்பட்ட புல்வெளி இவற்றில் சேராது என்ற விலக்கு மட்டுமே உண்டு. ஆகவே ஒரு சரிவு டௌனா, சாதாரண மேய்ச்சல் வயலா என்பதைத் தீர்மானிக்க அங்கே முளைத்திருக்கும் புல்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கவனியுங்கள், ஹில் என்ற சொல் அந்த நான்கில் இல்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல்லை வைத்துக்கொண்டு எல்லைக்கோடு போட முடியாது.

சொற்களின் இந்தக் கூர்மை புதிதல்ல. இடப்பெயர் ஆய்வாளர் மார்கரெட் கெல்லிங், 1984இல் வந்த தன் நூலிலும், பிறகு ஆன் கோலுடன் சேர்ந்து 2000இல் வெளியிட்ட விரிந்த நூலிலும், பழைய ஆங்கிலம் பேசியவர்கள் மேடுகளை வடிவம் பார்த்தே பெயரிட்டார்கள் என்று வாதிட்டார். குதிகால் போல நீண்டு சட்டென்று இறங்கும் முனைக்கு ஒரு சொல். 1939இல் கப்பல் புதையல் கிடைத்த சட்டன் ஹூவின் ‘ஹூ’ அதுதான். ஊர் அமைக்கத் தோதான மேட்டுக்கு இன்னொன்று: ‘டூன்’. ஸ்விண்டன் போன்ற ஊர்ப்பெயர்களின் வாலில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய டௌனும் அதன் வழித்தோன்றலே. ‘கீழே’ என்று பொருள் தரும் டவுன்கூட ‘மேட்டிலிருந்து’ என்ற பழைய தொடரின் தேய்வு என்பது வேடிக்கை. கெல்லிங் சொல்லும் ஒழுங்கு ஒவ்வோர் ஊருக்கும் பொருந்தும் என்று நான் நம்பவில்லை. ஆயிரம் ஆண்டுகளில் பேச்சுவழக்கு அத்தனை கண்டிப்பாக இருந்திருக்க முடியாது. இருந்தாலும் நிலத்தின் உருவத்தைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்ளும் அவருடைய வழி, பட்டியலைப் பார்த்துப் புரிந்துகொள்வதைவிட மேலானது. அந்த உருவத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு லங்காஷயரின் பெண்டில் ஹில் சாட்சி. முதல் அசை பழைய பிரித்தானிய மொழியில் குன்று; அது புரியாமல் அடுத்து வந்தவர்கள் தங்கள் குன்றைச் சேர்த்தார்கள்; அதுவும் தேய்ந்து புரியாமல் போனபின் மூன்றாவதாக ஹில் வந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அன்றாடப் பேச்சு இந்த நுட்பங்களைச் சட்டை செய்வதில்லை. ஸ்காட்லாந்தில் 914 மீட்டரைத் தாண்டிய மன்றோ சிகரங்களில் ஏறுபவர்களும் ஹில்லுக்குப் போவதாகவே சொல்கிறார்கள். கால் இடறி விழுந்தால் தூக்க வருவது மட்டும் மவுன்டன் மீட்புக் குழு. நீலகிரியில் இது இன்னும் அப்பட்டம். பிரிட்டனின் மிக உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஏறக்குறைய இரு மடங்கு. ஆனாலும் ஆங்கிலேயர்கள் எழுதிவைத்தது நீலகிரி ஹில்ஸ், ஊட்டி ஹில் ஸ்டேஷன். சொல்லுக்கு உரியவர்களே இப்படித் தாராளமாகப் புழங்கும்போது பட்டியலை மட்டும் குறைசொல்வது நியாயமா?

இந்தத் தாராளம் ஹில்லுக்கு மட்டுமே உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுச்சொல் பொதுவாகத்தான் இருக்கும், அதுதான் அதன் பலம். ஊருக்குப் புதியவரும் அதை வைத்து வழி கேட்டுவிடலாம். அதே ஊட்டிக்குப் பக்கத்தில், சினிமாப் பாட்டுகளில் நாம் பார்த்துப் பழகிய புல்மேடுகளுக்கு, சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரோடு ஒட்டவைத்த சொல் டௌன்ஸ். இங்கிலாந்தின் தெற்கு டௌன்ஸ் 300 மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்பு, இங்கே கடினப் பாறை. உயரமும் பாறையும் பொருந்தாத இடத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து பொருத்தியது எது? மரமில்லாமல் அலையலையாகப் போகும் புல்வெளியின் உருவம். சொல் கடல் கடந்தபோதும் தன் உருவத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறது.

ரோஜெட்டின் நோக்கம் சொற்களைச் சமமாக்குவது அல்ல, எழுதுகிறவருக்கு நினைவூட்டுவதுதான் என்று அவர் தரப்பில் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். வெற்பு, பொருப்பு, வரை, சிலம்பு என்று மலைக்குப் பெயர் அடுக்கிய நம் நிகண்டுகளுக்கும் இதே சமாதானம் உண்டு: எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடுகிற புலவருக்கு அவை கைகொடுத்தன. சொல்லை ஏற்கெனவே அறிந்தவர் கையில் பட்டியல் பழுதில்லை. ஃபெல்லையோ டோரையோ கேள்விப்பட்டே இராத மாணவர் தேர்வுக்காக அதை உருப்போடும்போதுதான் சிக்கல். அங்கே குறை மாணவருடையது அல்ல, இடமும் உருவமும் சொல்லாமல் சொல்லை மட்டும் நீட்டும் பதிப்பாளருடையது. இடத்தையும் காலத்தையும் சேர்த்துத் தருவது முடியாத காரியமும் அல்ல. ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்த வட்டார வழக்கு அகராதி, எந்தச் சொல் எந்த மாவட்டத்தில் வழங்குகிறது என்று குறித்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கி 2009இல் அச்சேறிய வரலாற்றுத் தெசாரஸ், எந்தச் சொல் எந்த ஆண்டில் பதிவானது என்று குறித்தது. மாணவர்கள் வாங்கும் மலிவுப் பதிப்பு இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் காற்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டது.