கோபுரம் கிடங்கான கதை

நண்பரொருவரின் மகனுக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவன். 'டொன்ஜோன் எ திராகோன்' விளையாட்டில் பெரும் பைத்தியம். வேலை இல்லாத ஒரு நாளில் அவனை வன்சென் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். மெத்ரோ முதலாம் இலக்கப் பாதையின் கடைசித் தரிப்பு. இறங்கி மேலே வந்ததும் அண்ணாந்து பார்த்து, "இதுதான் டொன்ஜோன்" என்று காட்டினோம். பொடியன் நம்பவில்லை.

"மாமா, பிழையாச் சொல்லுறீங்கள். டொன்ஜோன் எண்டால் கீழதானே இருக்கும்?"

அவனிலே குற்றமில்லை. ஆங்கிலத்தின் 'டன்ஜன்' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து நாமும் அதைக் கீழேயேதான் வைத்திருந்தோம். தமிழில் எழுத நேர்ந்தால் பாதாளச் சிறை, இருட்டுச் சிறை, நிலவறை என்று ஏதாவதொன்றைப் போடுவோம். பிரெஞ்சில் 'டொன்ஜோன்' என்று வந்த இடத்திலும் அதையே போட்டு மொழிபெயர்த்த பாவத்தில் எமக்கும் பங்குண்டு. ஐம்பது மீற்றர் உயரமான கோபுரத்தைப் பாதாளம் என்று எழுதிய மொழிபெயர்ப்பைச் சிறுசஞ்சிகைக்காரர்களும் அப்படியே அச்சிட்டார்கள். எவரும் கேட்கவில்லை.

பிரெஞ்சில் டொன்ஜோன் என்பது கோட்டைக்குள்ளே மிக உயரமான, மிக உறுதியான கோபுரம். எல்லாச் சுவரும் இடிந்தாலும் பிரபு கடைசியாக ஏறி நின்று சண்டைபிடிக்கும் இடம். 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சிலேயே சொல் இருக்கிறது. மொழியியலாளர் பெரும்பாலோர் இதன் வேரை லத்தீனின் 'டொமினுஸ்' என்பதில் காண்கிறார்கள். டொமினுஸ் என்றால் எசமான், வீட்டுக்கு உடையவன். யாழ்ப்பாணத்து வழக்கில் சொன்னால் உடையார். ஆக, டொன்ஜோன் என்பது உடையாருடைய இடம். இதே டொமினுஸின் வயிற்றில் பிறந்த இன்னொரு சொல்லும் எமக்குத் தெரியும். மின்சாரக் கம்பத்தில் மண்டையோட்டோடு எழுதியிருக்குமே, 'டேஞ்சர்', அதுதான். ஆதியில் அச்சொல்லுக்கு எசமானின் அதிகாரம் என்று பொருள். அந்த அதிகாரத்துக்குள் அகப்பட்டிருக்கும் நிலைதான் பின்னர் ஆபத்து ஆயிற்று. படித்தபோது கொஞ்சநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம்.

வேறொரு கருத்தும் உண்டு. பழைய ஜெர்மானிய மொழிகளில் நிலத்தடி அறையைக் குறித்த ஒரு சொல்லோடு டொன்ஜோனை முடிச்சுப் போடுவோர் இருக்கிறார்கள். எருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்தக் குடும்பம்தான். கி.பி. 98 அளவில் உரோமரான தசித்துஸ் ஜெர்மானியரைப் பற்றி எழுதிய நூலில், அவர்கள் நிலத்தைத் தோண்டி மேலே எருவைக் குவித்து, குளிர்காலத்தில் அதற்குள் ஒதுங்குவதையும் தானியத்தைச் சேமிப்பதையும் குறிப்பிடுகிறார். எதிரி வந்தால் வெளியே கிடப்பதைத்தான் கொள்ளையடிப்பானாம், புதைத்திருப்பது அவன் கண்ணில் படாதாம். சொல்லாராய்ச்சியில் இக்கருத்துக்கு ஆதரவு குறைவு. இருந்தாலும் எம்மால் இதைத் தள்ளிவிட முடியவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது கோபுரங்களைக் கொண்டுபோனார்கள். சொல்லும் பின்னாலே போயிற்று. லண்டனில் அவர்கள் எழுப்பிய வெள்ளைக் கோபுரத்தின் முதற் கைதியாக அறியப்படுபவர் ரனுல்ஃப் ஃபிளம்பார்ட் என்ற ஆயர். மன்னனுக்காகச் சனத்திடம் வரி கறந்து பேர் கெட்டவர். 1100இல் புதிய மன்னன் அவரை உள்ளே தள்ளினான். அடுத்த வருடமே, வைன் பீப்பாவுக்குள் ஒளித்துவந்த கயிற்றை யன்னலிலே கட்டி, காவலருக்கு வயிறுமுட்ட வைன் ஊற்றிவிட்டு, கீழே இறங்கி ஓடிப்போனார். கவனியுங்கள், இறங்கி ஓடினார். சிறை மேலே இருந்தது. கோட்டைக்குள் ஆக உறுதியான சுவர் எசமானின் கோபுரத்துக்குத்தான், எனவே பெரிய இடத்துக் கைதியையும் அங்கேயே பூட்டினார்கள். அதன் அடித்தளத்திலும் ஆட்களைப் போட்டார்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கோபுரம், கிடங்கு என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அருகருகே கிடக்கின்றன. பிறகு கோபுரத்துக்கு ஆங்கிலம் 'கீப்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது. டன்ஜன் கிடங்கோடு தங்கிவிட்டது.

மிச்ச வேலையை இலக்கியம் செய்தது. 1764இல் வால்போல் தொடக்கிவைத்த பேய்க்கோட்டை நாவல்கள், பிறகு வால்டர் ஸ்கொட்டின் 'ஐவன்ஹோ' என்று, ஈரம் சொட்டும் சுவர், துருப்பிடித்த சங்கிலி, எலி எல்லாம் வாசகரின் தலைக்குள் குடியேறின. பிரெஞ்சுக்காரர் 'ஊப்லியெத்' என்றார்கள். மறந்துவிடுதல் என்ற வினையில் பிறந்த சொல் அது: ஆளைக் குழியில் போட்டுவிட்டு மறந்துவிடுவது. 19ஆம் நூற்றாண்டில் பழைய கோட்டைகளைத் திருத்திக் கட்டிய வியோலே-லு-டுக் இந்தக் கதைகளைச் சந்தேகித்தவர். ஊப்லியெத் என்று காட்டப்பட்ட பல குழிகள் மலகூடக் குழிகளே என்பது அவர் கட்சி. சுற்றுலா வந்தவர்கள் மூக்கைப் பொத்தாமல் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

1974இல் அமெரிக்காவில் டன்ஜன் என்ற சொல்லை வைத்து ஒரு விளையாட்டு வந்தது. பிரெஞ்சில் அதைப் பெயர்த்தபோது 'டொன்ஜோன்' என்றே வைத்தார்கள். அப்படியாக, இங்கிருந்து கோபுரமாகப் போன சொல் எண்ணூறு வருடம் கழித்துக் கிடங்காகத் திரும்பி வந்து எமது பொடியனின் வாயில் ஏறிக்கொண்டது.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டென்றால் நாம் இவ்வளவு மினக்கெட்டிருக்க மாட்டோம். சென்ற வருடம் நண்பர்கள் கூடிக் கவிதை வாசித்தோம். குறைந்தது நான்கு கவிதைகளில் ரெஸ்ரோரன்ட் குசினி பாதாளச் சிறையாக வந்தது. அவற்றிலொன்று நாம் எழுதியது. எல்லோரும் தலையாட்டினோம். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

நாம் கோப்பை கழுவும் இடம் நிலத்துக்குக் கீழேதான். பதின்மூன்று படி. ஒரு மூலையில் கிழங்கு மூட்டை, மறு மூலையில் வைன் பெட்டி, நடுவிலே மெசினும் நாமும். கோடையில் ஆவி முகத்தை அவிக்கும். ஆனால் எம்மை வருத்துவது அந்த அறையின் ஆழமா? அதே கிழங்கு மூட்டைக்கு அருகிலிருந்துதான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு அறுந்துபோன வாசிப்பைத் திரும்பத் தொடங்கினோம். வருத்துவது வேறு. பதியாமல் விடப்படும் மணித்தியாலங்கள், 'விசா இல்லாதவன் எங்கே போவான்' என்ற கணக்கு. இந்தக் கணக்கு பார்க்கப்படுவது கீழே இல்லை. மேலே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், வெளிச்சமும் பூச்சாடியும் உள்ள இடத்தில். கவிதையில் நாம் நிலவறையைத் திட்டினோம். பத்ரோனைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆங்கிலச் சொல்லில் நடந்தது எமது கவிதையிலும் நடந்துவிட்டது: எசமானின் பெயரால் உண்டான சொல்லிலிருந்து எசமான் நழுவிப்போக, ஈரமும் இருட்டும் குற்றவாளிகளாகி நின்றன.

இன்னொரு காரணம், தசித்துஸ் சொன்னது. 2009இல் வன்னியில் நிலத்துக்குக் கீழேதான் நாம் உயிரோடு இருந்தோம். ஆரம்பத்தில் பனங்குற்றி போட்டு மூடினோம். முள்ளிவாய்க்கால் மணலில் அதுவும் கிடைக்கவில்லை. சீலையை வெட்டித் தைத்த பையில் மண் நிரப்பி அடுக்கினோம். கூறைச்சீலையும் அதில் போனது. அந்தப் பங்கருக்குள் குந்தியிருந்த எவரும் அதைச் சிறை என்று சொன்னதில்லை. மாறாக, கொழும்பில் 'நாலாம் மாடி' என்ற இரண்டு சொல்லைக் கேட்டால் எம்மவருக்கு வயிற்றைக் கலக்கும். விசாரணை என்று கொண்டுபோகப்பட்டவர்களின் பேச்சில் பாதாளம் என்பது மேலே, படியேறிப் போகும் இடத்தில் இருந்தது. டொன்ஜோனின் பழைய பொருளை எமது சனம் பிரெஞ்சு தெரியாமலே அறிந்து வைத்திருந்தது. கவிதை எழுத உட்கார்ந்த பிறகுதான் நாவல்களிலிருந்து எலியையும் சங்கிலியையும் கடன் வாங்கினோம்.

தமிழில் என்ன செய்யலாம்? கோபுரம் என்று வருமிடத்தில் 'உடையான் கோபுரம்' என்றே எழுதலாம் என்பது எமது அபிப்பிராயம். பாதாளம் வேண்டாம், அது புராணத்துக்குரியது. கீழறை என்று வந்தால் எம்மிடம் 'கிடங்கு' இருக்கிறது. பழந்தமிழில் அது கோட்டையைச் சுற்றிய அகழி. யாழ்ப்பாணத்தில் குழி, தமிழ்நாட்டில் சரக்கறை. ஆங்கிலத்தின் 'கோடவுன்' கூட மலாய் வழியாகச் சுற்றிப்போன இந்தச் சொல்தான் என்பார்கள். 'கொட்டடி' என்று தமிழ்நாட்டார் எழுதுவதை நாம் எழுத முடியாது. யாழ்ப்பாணத்தில் கொட்டடி ஓர் ஊர், அங்கே சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

வன்சென் கோபுரம் 1360களில் எழும்பியது. ஐந்தாம் சார்ள்ஸ் மன்னனின் இருப்பிடம். பிற்காலத்தில் அதே கட்டடம் அரச சிறை. 1749 யூலையில் திதரோவை இங்கு அடைத்தார்கள், எழுதியதற்காக. நவம்பரில்தான் விட்டார்கள். அவரைப் பார்க்க ரூசோ பரிசிலிருந்து நடந்தே வந்தார். அக்காலத்தில் ஒருவரைப் பூட்டிவைக்க வழக்கு வேண்டியதில்லை, மன்னனின் முத்திரையிட்ட கடிதம் போதும். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய ஒரு சட்டத்தின்கீழ் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மிராபோ 1777இலிருந்து 1780வரை இங்கேயே இருந்தார். அந்தக் கடிதங்களுக்கு எதிராக இங்கிருந்து எழுதியது 1782இல் நூலாயிற்று.

இவற்றைப் படிகளில் ஏறியபடி பொடியனுக்குச் சொல்லிக்கொண்டு போனோம். ஒரு யன்னலருகே நின்று மூச்சு வாங்கினான்.

"அப்ப ராசாவும் கைதியும் ஒரே வீட்டிலயோ?"

"ஓம். வேற வேற காலத்தில."

"அந்த மிராபோவை ஆர் பிடிச்சுக் குடுத்தது?"

"அவற்றை தேப்பன்தான். மகன் சொல்வழி கேக்கேல்லை எண்டு ராசாவிட்டைக் கடிதம் வாங்கினவர்."

பொடியன் சற்று யோசித்தான்.

"இதை அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, மாமா."