மருத்துவர் ரியூவின் களைப்பு

ஆல்பெர் காம்யூவின் 'கொள்ளைநோய்' 1947ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நாள்தொட்டு, அதனை ஓர் உருவகக் கதையாகவே திறனாய்வாளர் பலரும் கண்டு வந்துள்ளனர். நகருள் புகுந்த நோய், பிரான்சை ஆக்கிரமித்த நாஜிப் படையே என்பது அவர்தம் துணிபு. அது தவறன்று. ஆயினும், 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தைக் கடந்து வந்தோர் அந்நாவலைப் புரட்டும்போது முதலில் எதிர்ப்படுபவர் உறக்கமிழந்த ஒரு மருத்துவர்தாம்.

அல்ஜீரியாவின் ஓரான் துறைமுக நகரில் பிளேக் பரவ, நகர வாயில்கள் அடைக்கப்படுகின்றன. நோயுற்ற மனைவியை அதற்குச் சற்று முன்னர்தான் வெளியூர் மருத்துவ இல்லத்திற்கு அனுப்பிவைத்த டாக்டர் ரியூ, வீடு வீடாக ஏறி இறங்குகிறார். குணப்படுத்தக் கற்றவருக்கு இப்போது வாய்த்த தொழில் வேறு. நோயைக் கண்டறிந்து, பதிவுசெய்து, உறவினரின் பிடியிலிருந்து நோயாளியைப் பிரித்தனுப்ப வேண்டும். இதயமற்றவர் என்ற ஏச்சும் கிடைக்கிறது. இதயம் இருக்கத்தான் செய்கிறது. சாவைப் பார்த்துக்கொண்டே நாளொன்றுக்கு இருபது மணி நேரம் தாக்குப்பிடிக்க மட்டுமே அது போதுமானதாக உள்ளது. உள்ளம் மூடிக்கொள்வதில் ரியூ ஓர் ஆறுதலையும் காண்கிறார். எவ்வளவு அச்சந்தரும் ஆறுதல்!

கதைசொல்லி ரியூவே என்பது இறுதியில்தான் வெளிப்படுகிறது. அதுவரை தம்மை 'அவர்' என்றே குறித்து வந்திருக்கிறார். நடுநிலை பேணும் உத்தி என்று இதனைப் போற்றுவர். அடியேனுக்கு அது வடுவாகவே படுகிறது. தம் துயரைத் தமதென்று சொல்லவும் இயலாத நிலைக்கு அம்மனிதர் வந்துவிட்டார். உற்ற நண்பர் தாரூ இறந்த மறுநாள் காலை மனைவியின் மரணச்செய்தி தந்தியாக வருகிறது. அழ வேண்டாமெனத் தாயைத்தான் தேற்றுகிறார். நாவல் அதனைச் சில வரிகளில் கடந்துவிடுகிறது.

இது கற்பனை மிகையோ என ஐயுறுவோர் நியூயார்க்கை நோக்குக. அங்கே அவசர சிகிச்சைப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிய லோர்னா பிரீன் என்னும் மருத்துவர், தாமே கொரோனாவுக்கு ஆளாகி மீண்டு, பணிக்குத் திரும்பி, 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதாகத் தெரிந்தால் மருத்துவம் புரியும் உரிமம் பறிபோகுமோ என்ற அச்சம் அந்நாட்டு மருத்துவரிடையே நெடுங்காலமாக உண்டு. மருத்துவப் பணியாளரின் மனநலம் காக்க 2022 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ரியூவின் மௌனத்தைத் திண்மை என்று மட்டும் வாசித்துப் புகழ்வது இனியும் தகுமா?

காம்யூவிடம் எமக்கொரு வழக்கும் உண்டு. பிணஞ்சுமப்போரும் குழிவெட்டுவோரும் தொற்றுக்குப் பலியாகின்றனர். வேலையற்றோர் மிகுந்திருந்தமையால் அவர்தம் இடம் உடனுக்குடன் நிரம்பிற்று என்கிறது நாவல். வறுமை அச்சத்தினும் வலிது என்ற அவ்வுண்மையைக் கண்ட ஆசிரியர், அத்தொழிலாளருள் ஒருவரது உள்ளத்தினுள்ளேனும் நுழைந்தாரில்லை. மருத்துவரின் களைப்புக்கு ஆன்மா உண்டு. சுமந்தவனின் களைப்புக்கு இல்லை. ஓரானின் அரபு மக்களோ, அவர்தம் வாழ்நிலையை ஆராய ராம்பேர் என்னும் பத்திரிகையாளர் வந்ததாகத் தொடக்கத்தில் சொல்லப்பட்டதோடு ஏறத்தாழ மறைந்தே போகின்றனர். அடக்கச் சடங்குகள் சுருங்கியதை அத்தனை நுணுக்கமாக விவரிக்கும் நூலில், கபனுக்கும் ஜனாஸாத் தொழுகைக்கும் என்ன நேர்ந்தது என்று வினவ ஒரு முஸ்லிம் வீடு இல்லை.

ஒன்றில் மட்டும் காம்யூ நம் காலத்தாரினும் தெளிந்தவர். ஊரே கைதட்டுவதை மருத்துவர்க்குச் செய்யும் கைம்மாறாக அவர் கருதவில்லை; வீரம் என்ற சொல்லையே ஐயத்துடன் நோக்குகிறார். நகரம் விடுதலையைக் கொண்டாடும் மாலையிலும் ரியூ, ஆஸ்துமாவால் வருந்தும் கிழவர் ஒருவரைப் பார்க்கப் போகிறார். மாண்டோர்க்கு நினைவுச்சின்னம் எழுப்புவார்கள், சொற்பொழிவாற்றுவார்கள், பிறகு உண்ணப் போய்விடுவார்கள் என்று நகைக்கிறார் அந்தக் கிழவர்.