பாலத்துக்கு வாசல் கிடையாது

தமிழில் 'கட்டடம் பார்த்த கட்டுரை' என்று ஒரு தனி வகையே உண்டு. ஏ.கே.செட்டியார், சோமலெ, மணியன் என்று ஊர் சுற்றி வந்தவர்கள் எழுதினார்கள். 'நான் கண்ட தாஜ்மகால்' என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எழுதச் சொல்கிறார்கள். வார இதழ்களும் தீபாவளி மலர்களும் பக்கம் பக்கமாகப் போடுகின்றன. இவற்றை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள், அச்சு ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். எத்தனை அடி உயரம், எத்தனை வருஷம் பிடித்தது, எந்த ராஜா கட்டினான், எந்திரம் இல்லாத காலத்தில் இம்மாம்பெரிய கல்லை எப்படித்தான் மேலே ஏற்றினார்களோ என்று ஒரு வாய்பிளப்பு, கடைசியில் 'நம் முன்னோர்' என்று ஒரு பெருமூச்சு. பிரமிடுக்கும் இதுதான், ஈபிள் கோபுரத்துக்கும் இதுதான். எங்கள் திருநெல்வேலிக்கு வந்தாலும் மாறுவதில்லை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண், கிருஷ்ணாபுரத்துச் சிலைகள், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், அப்புறம் ஆத்துப்பாலம். அண்ணாந்து பார்த்தபடியே எழுதிக்கொண்டு போகிறவர்கள் தங்கள் கால் எந்தத் தரையில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பதே இல்லை.

இதற்கு இடதுசாரித் தோழர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. 1935இல் பிரெக்ட் ஒரு கவிதையில் கேட்ட கேள்விதான் அது. ராஜா கட்டினான் என்கிறீர்களே, கல் சுமந்தது யார் என்ற கேள்வி. அதை நம்மில் பலரும் மேடைதோறும் சொல்லியிருக்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் சாதிச் சமூகத்தில் அந்தக் கேள்வி பாதி வழியில் நின்றுவிடுகிறது. கல் சுமந்தவன் பெயர் கல்வெட்டில் இருக்காது என்பது உலகத்துக்கெல்லாம் பொது. குடமுழுக்கு முடிந்த மறுநாள் அதே ஆள் அந்த வாசற்படியை மிதித்தால் தீட்டு என்பது இந்த நாட்டுச் சரக்கு. எனவே ஒரு கட்டடத்தை நாம் வாசிக்கும்போது, கட்டியவர் யார் என்பதோடு, கட்டி முடித்த பிறகு யார் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்டு எழுதப்பட்ட ஒரு பயணக் குறிப்பு நம்மிடம் இருக்கிறது. எழுதியவர் அம்பேத்கர். 1934இல் அவரும் இயக்கத் தோழர்களும் சுமார் முப்பது பேர் வேரூல் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். ஊர் பார்க்கப் போன பயணம்தான், போராட்டம் ஒன்றுமில்லை. வழியில் தௌலதாபாத் கோட்டை. உலகம் வியக்கும் கோட்டை அது. வாசலுக்கு வெளியே ததும்பி நிற்கும் ஒரு சிறு குளம், சுற்றிலும் கல் பாவிய தளம். பயணத் தூசி படிந்திருந்ததால் சிலர் முகமும் காலும் கழுவிக்கொண்டார்கள். உள்ளே நுழைய நிற்கும்போது, குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு வருகிறார், கூட்டம் கூடுகிறது, வசவு தொடங்குகிறது. நாங்கள் முஸ்லிம்களாக மதம் மாறியிருந்தாலும் இப்படித் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் திருப்பிக் கேட்ட பிறகே சத்தம் அடங்குகிறது. கோட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கூடவே ஆயுதம் தாங்கிய ஒரு காவலனும் அனுப்பப்பட்டான், உள்ளே எங்கும் இவர்கள் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் இதை அவர் எழுதிவைத்தார். 1990இல்தான் அது சிறு நூலாக வெளிவந்தது. (இந்த ஒரு பகுதியை மட்டும் பிய்த்து முஸ்லிம்கள் மீது வீசுகிறவர்கள், அதே நூலில் இந்துக்களையும் பார்சிகளையும் பற்றிய பக்கங்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) இதை நான் சாட்சியம் என்று மட்டும் படிக்கவில்லை, கட்டடம் பற்றிய விமர்சனமாகவும் படிக்கிறேன். கோட்டையின் உயரத்தைப் பற்றியோ மதிலின் கனத்தைப் பற்றியோ அதில் வியப்பு இல்லை. குளமும், கல் தளமும், வாசலும், காவலனும் இருக்கின்றன. அந்தக் கட்டடம் அவருக்கு எப்படித் திறந்ததோ அப்படி எழுதினார்.

இந்தக் கண்ணோடு திருநெல்வேலிச் சீமைக்கு வரலாம். வடக்கன்குளம் மாதா கோயிலை விட்டுவிட்டு இங்கே கட்டடக்கலை பேச முடியாது. 1872இல் கட்டிய அந்தக் கோயில் பீடத்திலிருந்து இரண்டு கையாகப் பிரிந்து போகிறது. ஒரு கை வெள்ளாளருக்கு, மறு கை நாடாருக்கும் மற்றவர்களுக்கும். நடுவில் சுவர். கால்சட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி பேசினார்கள். எனக்குக் கேலியாகப் படவில்லை. வரைபடம் போடும்போதே சாதியைப் போட்டு, அதன்மேல் கல் அடுக்கியிருக்கிறார்கள். 1910இல் கௌசானல் பாதிரியார் சுவரை இடித்தார். வெள்ளாளர் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவர் போயிற்று, இரண்டு கை மட்டும் நிற்கிறது. நெல்லையப்பர் கோயிலுக்கு இத்தனை விளக்கம் தேவையில்லை. தூணைத் தட்டினால் சரிகமபதநி கேட்கும் என்று மாய்ந்து மாய்ந்து எழுதுகிறார்கள். கேட்கும், சரிதான். கோயில் நுழைவுச் சட்டம் வந்த 1939 வரை அந்தச் சத்தம் யார் காதில் விழுந்தது, யார் காதில் விழவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் தூண் உடைந்தா போய்விடும்?

நான் முக்கியமாகப் பேச வந்தது பாலத்தைப் பற்றி. ஏனென்றால் பாலத்துக்கு வாசல் கிடையாது. கோயிலுக்கு வாசல் உண்டு, கோட்டைக்கு உண்டு, மாதா கோயிலுக்கும் உண்டு. வாசல் இருந்தால் காவல் இருக்கும். பாலத்தில் கால் வைத்தவன் எவனும் அக்கரை போகலாம். ஊரில் நிற்கிற பெரிய கட்டுமானங்களிலேயே எல்லாருக்கும் பொது என்று நம்பி நடக்கக்கூடியது அது ஒன்றுதான்.

சுலோச்சன முதலியார் பாலத்தின் கதை இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி. தோணிக்குக் காத்துக் கிடக்க வேண்டிய காலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக்கொடுத்தார். வீட்டம்மா நகையைக் கழற்றித் தந்தார் என்றும் சொல்வார்கள். 1843இல் திறப்பு. பதினொரு வளைவு. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் கட்டியது என்று அதற்கு ஒரு கூடுதல் பெருமை. அவர் செய்தது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பில்லை. காசு வைத்திருந்த எத்தனையோ பேர் சத்திரம் கட்டி ஒரு சாதிக்கு மட்டும் சோறு போட்ட நாட்டில், எல்லாரும் நடக்கிற பாலத்தைக் கட்டினார் என்பது சின்ன விஷயமில்லை. எனக்குள்ள மனத்தாங்கல் பாலக் கட்டுரைகளோடுதான். தோணியில் யார் ஏறலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று அவை கேட்பதில்லை. 1843 என்று எழுதுகிறவர்கள், அதே 1843இன் ஐந்தாம் சட்டத்தை எழுதுவதில்லை. அடிமை முறையை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று கும்பினி அரசு சொன்ன சட்டம் அது. இந்த ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களில், அன்றைய ஆவணங்கள் பள்ளர் என்றும் பறையர் என்றும் குறித்த நம் மக்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டார்கள். சட்டத்தில் பல்லில்லை. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாவதற்கு 1860இன் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. இருந்தாலும் பாலமும் சட்டமும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஒன்றுக்கு ஊரே பிறந்தநாள் கொண்டாடுகிறது. மற்றொன்று பிறந்ததே ஊருக்குத் தெரியாது.

லண்டன் சாயல் என்று பெருமைப்படுகிறவர்களுக்கு லண்டன் கதையின் மிச்சத்தையும் சொல்லலாம். 1817இல் திறந்த பழைய வாட்டர்லூ பாலத்தை 1930களில் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது புதிது. இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, அதைக் கட்டியதில் பெரும்பங்கு பெண் தொழிலாளர்களுடையது. 1945இல் திறந்துவைத்துப் பேசிய அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் ஆண்களைத்தான் வாழ்த்தினார். பெண்களைப் பற்றி மூச்சில்லை. தேம்ஸ் நதிப் படகோட்டிகள் மட்டும் 'பெண்கள் பாலம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் சான்று தேடிப் போனார்கள். மேலே நின்று மாலை போட்டவனுக்குத் தெரியாத செய்தி, கீழே ஆற்றில் பிழைக்கிறவனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஆற்றிலும் அப்படி ஒரு செய்தி கிடக்கிறது. 1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லியும் ஊர்வலம். புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமி முன்னே போனார், வேறு கட்சிகளும் சேர்ந்திருந்தன. ஜங்ஷன் பக்கமிருந்து ஆற்றைத் தாண்டிக் கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன கூட்டம். பாலத்துக்கு வாசல் இல்லை, ஆனால் பாலம் கொண்டுபோய் விட்ட இடத்துக்கு வாசல் இருந்தது. அங்கே போலீஸ் நின்றது. தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள், தண்ணீரில் நின்றவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. நீதிபதி மோகன் ஆணையம் 11 பேர் நீரில் மூழ்கியும் 6 பேர் காயத்தாலும் இறந்ததாகக் கணக்குச் சொல்லி, போலீசின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது.

இது நடந்த கரையிலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். இன்னும் சரியாகச் சொன்னால், பாலத்தின் வளைவுகளைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றுப் பக்கம் வந்தால்தான் உண்டு, மேலே நடந்துபோகிறவன் கண்ணில் அவை படாது. பத்திரிகையில் வருகிற அழகான பாலப் படங்கள் எல்லாமே ஆற்றுப் பக்கமிருந்து எடுத்தவை. 2018இல் பாலத்துக்கு 175 வயது ஆனது. அதையொட்டியும் அதற்குப் பின்பும் வந்த கட்டுரைகள் கிடைத்தவரை தேடிப் படித்தேன். முதலியார், நகை, வாட்டர்லூ, பதினொரு வளைவு. எதிலும் 1999 இல்லை. தேடினால் எங்காவது ஒன்றில் இருக்கலாம், இருந்தால் மகிழ்ச்சிதான்.

இதைச் சொன்னால் உள்ளூர் வரலாறு எழுதுகிற நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். "பாலம் என்னய்யா பண்ணும்? அது பாட்டுக்கு நிக்கி. அதையும் சாதிச் சண்டைக்குள்ள இழுக்கீயளே" என்றார் ஒருவர். பாலம் ஒன்றும் பண்ணவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பாலத்தை நான் கூண்டில் ஏற்றவும் இல்லை. அந்த வளைவுகள் எனக்கும் அழகுதான், வெயில் சாயும்போது தண்ணீரில் நிழல் விழுந்து வட்டமாகத் தெரிவதை நானும் நின்று பார்த்திருக்கிறேன். தலித் விமர்சனம் என்றால் எதையும் ரசிக்காது, எல்லாவற்றையும் கரித்துக் கொட்டும் என்று ஒரு பொதுப்புத்தி இருக்கிறதே, அதையும் சேர்த்துத்தான் மறுக்கிறேன். அம்பேத்கரும் தோழர்களும் அந்தக் கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டுத்தானே வண்டியேறினார்கள்? பார்க்கிற உரிமையும் ரசிக்கிற உரிமையும் நம்முடையவை. ஒரு கட்டடத்தின் வரலாறு அதன் திறப்பு விழாவோடு முடிந்துவிடுகிறது என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 1843இல் கட்டியவர் கொடை வரலாறு என்றால், 1999இல் அதைத் தாண்டிப் போனவர்கள் சாவும் அதே பாலத்தின் வரலாறு. பெயர்ப்பலகையில் இடம் போதவில்லை என்றால் கட்டுரையிலாவது இடம் இருக்கிறது.

பாலக் கட்டுரைகள் விட்டதைப் பிறர் எழுதியிருக்கிறார்கள், எடுத்திருக்கிறார்கள். ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளைப் பதிவு செய்தது. மாரி செல்வராஜ் தன் சிறுகதைத் தொகுப்புக்கு 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். அன்றைக்குச் செத்தவர்கள் 17 பேர். தப்பிக் கரையேறியவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பிறகு அதே பாலத்தில் பஸ்ஸில் போனார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாலத்தைக் கடக்கும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்பதை எழுதினால் அதுவும் கட்டடம் பார்த்த கட்டுரைதான். பயணக் கட்டுரையை ஆய்வுக்கு எடுத்திருக்கிற மாணவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு டேப்ரிக்கார்டரோ செல்போனோ எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்காரச் சொல்வேன். அக்கா, அண்ணாச்சி என்று கூப்பிட்டு உட்கார்ந்தால் சொல்வார்கள்.

ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று கட்சிகளும் இயக்கங்களும் வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். நினைவுத்தூண் வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே எழுகிறது. கல்லில் ஒன்று நட்டால் அதையும் ஒருநாள் எத்தனை அடி உயரம் என்று எழுதிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. ஆனாலும் கேட்கிறவர்கள் பக்கம்தான் நான்.

மாஞ்சோலைக் காடு சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருஷக் குத்தகைக்குப் போனது, 8,373 ஏக்கர். 2028இல் முடிய வேண்டிய குத்தகை. அதற்கு முன்பே, 2024இல், விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு தொழிலாளர்களை இறங்கச் சொல்லியாயிற்று. நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள், குடியிருந்த லயத்தை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் மறுபடியும் மனு எழுதினார்கள். மனு கொடுக்க வேண்டிய கலெக்டர் ஆபீஸ் இன்னும் அதே கொக்கிரகுளத்தில்தான் இருக்கிறது.